டெக்சாஸ் கம்பெனி, வேலை பண்றது கலிஃபோர்னியால, மாசமா இருக்கேன்னு சொன்னதும் பிஐபி (வேலைல முன்னேற்றம் காட்டுன்னு எழுதிக் குடுக்கற வார்னிங்). எங்க போய் கம்ப்ளெயின்ட் பண்றது?

கொங்குப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் மொத தடவ. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

நான் ஃப்ரீமான்ட்ல இருக்கேன், எச்1பி வேலை விசா, வீட்டுக்காரர் டிபென்டன்ட்டா எச்4ல இருக்கார், அவருக்கு வேலை பாக்கற பெர்மிட் (ஈஏடி) இன்னும் வரல. நான் வேலை பண்றது ஒரு சின்ன ஸ்டார்ட்அப்ல, மொத்தமே பதினோரு பேருதான், ஆபீஸ் ஆஸ்டின்ல, கலிஃபோர்னியால நானும் இன்னொரு பையனும் வீட்ல இருந்தே வேலை பண்றோம். போன ரிவ்யூ வரைக்கும் எல்லாமே நல்லாத்தான் போச்சு, போனஸ் கூட குடுத்தாங்க. மூணாவது மாசம் முடிஞ்சதும் மேனேஜர்கிட்ட மாசமா இருக்கேன்னு போன் கால்ல சொன்னேன், கங்கிராட்ஸ் எல்லாம் சொன்னாரு. கொஞ்ச நாள்லயே நான் லீட் பண்ணிட்டிருந்த கிளையன்ட்ட எடுத்து வேற ஆள்கிட்ட குடுத்துட்டாங்க, கேட்டா "இந்த பிரஷர் உனக்கும் வேண்டாம் பேபிக்கும் வேண்டாம், உன் நல்லதுக்குத்தான்"ங்கறாரு. இப்ப போன வாரம் பிஐபி. அதுல எழுதியிருக்கற காரணம் "ஓனர்ஷிப் எடுத்துக்கறதில்ல". எடுத்துக்கறதுக்கு ஒண்ணும் குடுக்காம ஓனர்ஷிப் எங்கிருந்து வரும்?

நேத்து ஃபவுண்டரே கூப்பிட்டு ரொம்ப சாந்தமா பேசினாரு, "உன் விசாவையும் யோசிச்சுக்கோ, நாம சுமுகமா முடிச்சுக்கலாம்"னு. எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

இங்க தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டதுக்கு, பதினஞ்சு பேருக்கு கீழ இருக்கற கம்பெனிக்கு டிஸ்கிரிமினேஷன் சட்டமே கிடையாதும்மா, அதுவும் உன் ஆஃபர் லெட்டர்ல டெக்சாஸ் சட்டம்தான் செல்லும்னு போட்டிருக்கு, விட்டுட்டு வேற வேலை பாருங்கறாரு. நெஜமாவே அப்படித்தானா? கம்ப்ளெயின்ட் பண்ணா விசாவுக்கு ஆபத்து வருமா? யாராவது இந்த வழியா போயிருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_இரு:

சிஸ்டர், கஷ்டமாத்தான் இருக்கு ஆனா பிராக்டிகலா யோசிங்க. இந்த ஊர்ல கேஸ் கீஸ்னு போனா அடுத்த கம்பெனிக்காரன் கூகிள் பண்ணி பாப்பான். நல்லபடியா பேசி ரெண்டு மூணு மாச சம்பளம் வாங்கிட்டு வேற கம்பெனிக்கு விசா டிரான்ஸ்ஃபர் பாருங்க. குழந்தை முக்கியம்.

திருவாரூர்_தேர்:

மேல இருக்கறவர் நல்ல மனசோடதான் சொல்றார், ஆனா இந்த அட்வைஸ நம்பித்தான் நம்ம ஆளுங்க பாதி பேர் கையெழுத்து போட்டுட்டு வந்துடறாங்க. நான் பே ஏரியால பல வருஷம் எச்ஆர்ல இருந்துட்டு இப்ப வெளில இருக்கேன், வக்கீல் இல்ல, அதனால இத ஒரு வக்கீல்கிட்டயும் காமிச்சு உறுதி பண்ணிக்கோங்க. ஆனா உங்க நண்பர் சொன்னது ரெண்டுமே உங்க விஷயத்துல பொருந்தாது.

மொதல்ல அந்த பதினஞ்சு பேர் கணக்கு. அது ஃபெடரல் சட்டம், 1964 சிவில் ரைட்ஸ் ஆக்ட்டோட டைட்டில் செவன். பிரெக்னன்சிய அதுக்குள்ள கொண்டு வந்ததே 1978ல ஒரு திருத்தம் பண்ணித்தான். 2023ல வந்த பிரெக்னன்ட் வொர்க்கர்ஸ் ஃபேர்னஸ் ஆக்ட்டுக்கும் அதே பதினஞ்சுதான். சரி, ஆனா கலிஃபோர்னியாவுக்கு தனியா ஒரு சட்டம் இருக்கு, ஃபேர் எம்ப்ளாய்மெண்ட் அண்ட் ஹவுசிங் ஆக்ட், எல்லாரும் ஃபீஹான்னு சொல்லுவாங்க, அதுல அஞ்சு பேர் இருந்தா போதும். ஹராஸ்மென்ட்டா இருந்தா ஒரே ஒருத்தர் வேலை பாத்தாலே போதும். அந்த அஞ்சு பேரும் கலிஃபோர்னியாவுக்குள்ளதான் இருக்கணும்னு இல்ல, வெளி ஸ்டேட்ல இருக்கற ஆளுங்களையும் சேர்த்துத்தான் எண்ணுவாங்க, பார்ட் டைம் ஆளுங்களும் கணக்குல வருவாங்க. உங்களுக்கு பதினோரு பேர் இருக்காங்க, தாராளமா உள்ள வர்றீங்க.

ரெண்டாவது அந்த டெக்சாஸ் சட்டம்ங்கற வரி. எந்த ஸ்டேட்ல உக்காந்து வேலை பண்றீங்களோ அந்த ஸ்டேட் சட்டம்தான் மொதல்ல பாக்கணும், கம்பெனி எங்க ரிஜிஸ்டர் ஆகியிருக்குங்கறது அப்புறம். அதுவும் கலிஃபோர்னியா லேபர் கோட்ல 925ன்னு ஒரு செக்ஷன், இங்கயே வாழ்ந்து இங்கயே வேலை பண்றவங்கள கட்டாயப்படுத்தி "வேற ஸ்டேட் சட்டம்தான் செல்லும், வேற ஸ்டேட் கோர்ட்டுக்குத்தான் வரணும்"னு கையெழுத்து வாங்கியிருந்தா, அந்த வரி செல்லாதுன்னு நீங்க எழுந்து நிக்கலாம். 2017லேர்ந்து போட்ட அக்ரிமென்ட்டுக்கெல்லாம் இது பொருந்தும். அந்த பேரத்த உங்களுக்காக உங்க சொந்த வக்கீல் பேசி முடிச்சிருந்தா மட்டும் விதிவிலக்கு, ஆஃபர் லெட்டர் வாங்கும்போது நம்மள்ல யாரு வக்கீல் வெச்சுக்கறோம், இல்லையா.

இப்ப எங்க போறதுங்கறதுக்கு வர்றேன். கலிஃபோர்னியா சிவில் ரைட்ஸ் டிபார்ட்மென்ட், சிஆர்டி. பழைய போஸ்ட்டுங்கள்ல டிஎஃப்இஎச்னு பாத்திருப்பீங்க, ரெண்டும் ஒரே ஆபீஸ்தான், 2022ல பேர் மாத்திட்டாங்க. அவங்க வெப்சைட்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி இன்டேக் ஃபார்ம் போடணும், காசு கிடையாது. இங்க ஒரு விஷயத்த நிறைய பேர் கோட்ட விடறாங்க, இன்டேக் ஃபார்ம் போட்டதோட கம்ப்ளெயின்ட் ஆயிடாது. அதப் படிச்சுட்டு ஒரு ஆள் உங்கள போன்ல இன்டர்வியூ பண்ணுவாங்க, நடந்தது சட்டத்துக்குள்ள வருதான்னு பாத்து, வந்தா அவங்களே கம்ப்ளெயின்ட் எழுதி உங்ககிட்ட கையெழுத்துக்கு அனுப்புவாங்க, நீங்க போட்ட கையெழுத்துக்கு அப்புறம்தான் அது கம்பெனிக்குப் போகும். அப்புறம் கம்பெனி பதில் சொல்லணும், நடுவுல ரெண்டு பக்கமும் சம்மதிச்சா மீடியேஷன் பண்ணி வைப்பாங்க, இல்லன்னா விசாரணை. எல்லா இன்டேக்கையும் விசாரணைக்கு எடுப்பாங்கன்னு நம்பி உக்காராதீங்க, நிறைய அந்த போன் காலோடயே நின்னு போகுது.

இன்னொரு வழி, விசாரணை வேணாம், நேரா கோர்ட்டுக்குப் போறேன்னு சொல்லி ரைட் டு சூ நோட்டீஸ் கேட்டு வாங்கறது. வாங்கின தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும். வக்கீல் கையில இல்லாம இத கிளிக் பண்ணாதீங்க, ஏன்னா அப்புறம் சிஆர்டி உங்க விஷயத்த விசாரிக்காது, கடிகாரம் மட்டும் ஓடும்.

டைம் எவ்வளவுன்னா, நடந்த நாள்லேர்ந்து மூணு வருஷம். முன்னாடி ஒரு வருஷம்தான் இருந்துச்சு, 2020லேர்ந்து மூணா ஆக்கிட்டாங்க. மூணு வருஷம் இருக்கேன்னு ஊறப்போடாதீங்க, சாட் எல்லாம் அழிஞ்சிடும், சாட்சி சொல்ல வேண்டிய பையன் வேற கம்பெனி போயிடுவான்.

ஆஸ்டின்_அண்ணாச்சி:

தேர் அண்ணன் சொன்னது சத்தியமான வார்த்த. நம்ம டெக்சாஸ் கதையையும் சொல்லுதேன், ஏன்னா இத படிக்கிற பாதிப் பேரு பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங்னு இங்கதான கெடக்கோம்.

இங்க ஸ்டேட்ல இத பாக்கறது டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷன், அதுல சிவில் ரைட்ஸ் டிவிஷன்னு ஒண்ணு. இங்கயும் பதினஞ்சு பேர் கணக்குதான், செக்ஷுவல் ஹராஸ்மென்ட்டுக்கு மட்டும் 2021 செப்டம்பர்லேர்ந்து ஒருத்தர் இருந்தா போதும்னு மாத்துனாங்க. டைம்தான் கொடும, 180 நாளு. செக்ஷுவல் ஹராஸ்மென்ட்டுக்கு மட்டும் 300.

நம்ம கூட்டாளி ஒருத்தன், பேரு வேண்டாம், கொஞ்சம் பெரிய கம்பெனில இருந்தான். புதுசா வந்த டைரக்டர் இவன் பேசற இங்கிலீஷ மீட்டிங்லயே நக்கல் பண்ணி, ஒருநா டீம்ல இருந்து எறக்கி விட்டுட்டான். இவன் என்ன பண்ணான், எச்ஆர்ல கம்ப்ளெயின்ட் குடுத்துட்டு அவங்க விசாரிச்சு முடிக்கட்டும்னு பொறுமையா உக்காந்துட்டான். எச்ஆரும் இந்தா முடியுது அந்தா முடியுதுன்னு இழுத்துகிட்டே இருக்கு, கடேசில "எதுவும் நிரூபணம் ஆகல"ன்னு மெயில் வந்தப்ப 180 நாள் தாண்டியாச்சு. ஸ்டேட் பக்கம் கதவ சாத்திட்டான். உள்ளுக்குள்ள நடக்கற விசாரணைக்காக அந்த நாள் கணக்கு நிக்காது பாத்துக்கிடுங்க, அது அதுபாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். நல்ல வேள, ஃபெடரல் பக்கம் ஈஈஓசில (வேலைல நடக்கற பாகுபாட்ட பாக்கற ஃபெடரல் ஆபீஸ்) டெக்சாஸ்காரங்களுக்கு 300 நாள் இருக்கு, அங்க போய் போட்டான். அதுலயும் முடிச்சு குடுத்த லெட்டர் வந்த 90 நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போவணும். டெக்சாஸ் கமிஷன் லெட்டர்னா இன்னும் மோசம், 60 நாளு.

தங்கச்சி நீங்க கலிஃபோர்னியால இருக்கறது ஒரு விதத்துல புண்ணியம்னு நெனச்சுக்கிடுங்க. அதே கம்பெனில, ஆஸ்டின் ஆபீஸ்ல, உங்கள மாதிரியே ஒரு பிள்ளைக்கு இதே நடந்திருந்தா பதினோரு பேருங்கறதால ஸ்டேட்டும் இல்ல ஃபெடரலும் இல்லன்னு ஆயிருக்கும்.

எடிசன்_டீக்கடை:

நியூஜெர்சி பக்கம் தெரிஞ்சுக்கறவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. இங்க எல்ஏடின்னு (லா அகெய்ன்ஸ்ட் டிஸ்கிரிமினேஷன்) 1945லேர்ந்தே சட்டம் இருக்கு, எத்தன பேர் வேலை பண்றாங்கன்னு கணக்கே இல்ல, ஒருத்தர் இருந்தாலும் பொருந்தும். டிவிஷன் ஆன் சிவில் ரைட்ஸ்ல போடறதுன்னா 180 நாள், ஆனா அங்க போகாமலே நேரா சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம், அதுக்கு ரெண்டு வருஷம்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க்ல இப்ப எல்லா கம்பெனிக்கும் பொருந்தும், 2024 பிப்ரவரிக்கு அப்புறம் நடந்ததுக்கு டிவிஷன் ஆஃப் ஹியூமன் ரைட்ஸ்ல மூணு வருஷம் வரைக்கும் போடலாம். ஆனா நியூயார்க்ல ஒரு வம்பு இருக்கு, டிவிஷன்ல போட்டுட்டா அதே விஷயத்த ஸ்டேட் சட்டத்துல பொதுவா கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது, ரெண்டுல ஒண்ணுதான். ஃப்ரீதானேன்னு மொதல்ல டிவிஷன்ல போட்டுட்டு அப்புறம் வக்கீல்கிட்ட போனவங்க தலைல கை வெச்சுக்கிட்டத பாத்திருக்கேன்.

இதெல்லாம் ஐடி ஆளுங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்காதீங்க, ஓக் ட்ரீ ரோட்ல கிச்சன்ல தோசை ஊத்தற அண்ணனுக்கும் இதே சட்டம்தான். அவங்ககிட்ட யாரும் போய் சொல்றதில்ல அவ்வளவுதான்.

பெயர்_வேண்டாம்:

இந்த திரெட்லயே கேட்டுடறேன். கலிஃபோர்னியால சாதிய வெச்சு ஒதுக்கினா இதே சிஆர்டில போடலாமா? சாதிக்கு தனி சட்டம் கொண்டு வந்து அப்புறம் கவர்னர் தள்ளிட்டார்னு படிச்சேன், அப்போ பாதுகாப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?

திருவாரூர்_தேர்:

போடலாம். அந்த மசோதா எஸ்பி 403, செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டு வந்தது, சட்டசபைல ஜெயிச்சு கவர்னர் நியூசம் மேசைக்குப் போச்சு, 2023 அக்டோபர்ல வீட்டோ பண்ணிட்டார். ஆனா அவர் சொன்ன காரணத்த பாருங்க, இருக்கற சட்டமே சாதிப் பாகுபாட்ட தடை பண்ணுது, தனியா தேவையில்லன்னுதான் சொன்னார். அதாவது ஏன்செஸ்ட்ரி (வம்சாவளி), மதம் மாதிரி ஏற்கனவே இருக்கற வகைக்குள்ள அது வரும்ங்கறது. சாதிங்கற வார்த்தையே சட்டத்துல இருந்திருந்தா போன்ல இன்டர்வியூ பண்ற ஆளுக்கு விளக்கற பாடு மிச்சமாயிருக்கும்ங்கறது என் கருத்து.

இதே டிபார்ட்மென்ட்தான் 2020 ஜூன்ல சிஸ்கோ மேல கேஸ் போட்டுச்சு, சான் ஹோசேல ஒரு தலித் இன்ஜினியர தன்னோட ரெண்டு மேலதிகாரிங்க சாதி பாத்து நடத்தினாங்கன்னு. கம்பெனி மறுத்துச்சு. 2023ல அந்த ரெண்டு பேர் மேல இருந்தத டிபார்ட்மென்ட்டே வாபஸ் வாங்கிடுச்சு, கம்பெனி மேல இருந்தத விடல. அதே 2023ல சியாட்டில் நகரம் சாதிய பேர் சொல்லி தடை பண்ணுச்சு, அமெரிக்கால அதுதான் மொத நகரம், அப்புறம் ஃப்ரெஸ்னோ. உங்களுக்கு நடந்திருந்தா யார், என்ன வார்த்தை, எந்த மீட்டிங்னு எழுதி வைங்க. "அந்த ஆளுங்க ஒரு மாதிரி"ன்னு பொதுவா சொன்னா எடுபடாது. உங்க கதைய தனி திரெட்டா போடுங்க, பேர் போடாம, நான் வர்றேன்.

பீச்_ட்ரீ_பையன்:

அட்லாண்டா ஆளுங்க இத படிச்சு சந்தோஷப்பட வேணாம். ஜார்ஜியால பிரைவேட் கம்பெனிக்கு இந்த மாதிரி முழு ஸ்டேட் சட்டமே கிடையாது, இருக்கற ஃபேர் எம்ப்ளாய்மெண்ட் சட்டம் கவர்மென்ட் வேலைக்கு மட்டும். அதனால நமக்கு ஈஈஓசி மட்டும்தான், அதுவும் 180 நாள், ஏன்னா ஸ்டேட்ல ஏஜென்சி இருக்கற இடத்துலதான் அந்த 300. ஆல்ஃபரெட்டால பன்னெண்டு பேர் இருக்கற கன்சல்டிங் கம்பெனி, மாசமா இருக்கற பொண்ண அனுப்புனா கேக்க ஆளில்ல. நிறத்த வெச்சோ இனத்த வெச்சோ பண்ணாங்கன்னா மட்டும் 1866லேர்ந்து இருக்கற ஒரு பழைய ஃபெடரல் சட்டம், செக்ஷன் 1981, ஆள் கணக்கே இல்லாம பொருந்தும். இத தெரிஞ்சுக்காம நிறைய பேர் பதினஞ்சு பேர் இல்லையேன்னு திரும்பிடறாங்க.

கொங்குப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, படிக்கப் படிக்க கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அண்ணாச்சி, ஆஸ்டின்ல இருந்திருந்தா ஒண்ணுமே இல்லன்னு சொன்னத எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காமிச்சேன், அவரு நம்பவே இல்ல.

இன்னும் கொஞ்சம் கேக்கணும். விசா விஷயம் யாரும் சொல்லலீங்களே. அப்புறம் எச்ஆருக்கு மெயில் போடலாம்னு ஒரு டிராஃப்ட் எழுதி வெச்சிருக்கேன், "என்ன அன்ஃபேரா நடத்தறாங்க, மன உளைச்சலா இருக்கு"ன்னு. போட்டுடலாமா? எச்ஆர்னா தனியா யாரும் இல்ல, ஃபவுண்டரோட தம்பிதான் பாத்துக்கறார். இன்னைக்கு சாயந்திரம் செவரன்ஸ் அக்ரிமென்ட் (பணம் வாங்கிட்டு வேலைய விடற ஒப்பந்தம்) ஒண்ணு வேற வந்திருக்கு, நாளைக்கே கையெழுத்து போட்டு அனுப்பச் சொல்றாங்க. அடுத்த போன் கால ரெக்கார்ட் பண்ணிடட்டுமா?

திருவாரூர்_தேர்:

மொதல்ல ரெக்கார்டிங். பண்ணாதீங்க. கலிஃபோர்னியால பேசற எல்லாரும் சம்மதிக்கணும், இல்லாம தனிப்பட்ட பேச்ச ரகசியமா ரெக்கார்ட் பண்றது பீனல் கோட் 632ல குற்றம். டெக்சாஸ்ல ஒரு பக்கம் தெரிஞ்சா போதும்னு இருக்கு, அத கேட்டுட்டு இங்க பண்ணி மாட்டிக்கிட்டவங்க உண்டு. அதுக்குப் பதிலா கால் முடிஞ்சதும் அவருக்கே ஒரு மெயில் போடுங்க, "இன்னைக்கு நீங்க இப்படி சொன்னீங்க, நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனா"ன்னு. அவர் பதில் சொல்லலைன்னாலும் தேதியோட உங்க கைல ஒரு ஆதாரம்.

அந்த எச்ஆர் மெயில அப்படியே போடாதீங்க, இதுதான் நான் சொல்ல வந்ததுலயே முக்கியமானது. அன்ஃபேர், உளைச்சல், மரியாதை இல்லன்னு எழுதினா அது சாதாரண ஆபீஸ் சண்டை, சட்டம் அதுக்குள்ள வராது. பாஸ் கெட்டவனா இருக்கறதுக்கு எந்த ஸ்டேட்லயும் தண்டனை கிடையாது. "நான் பிரெக்னன்ட்னு சொன்ன பிறகு என் கிளையன்ட்ட எடுத்துட்டாங்க, பேபிக்காகன்னு காரணம் சொன்னாங்க, அப்புறம் பிஐபி குடுத்தாங்க, இது பிரெக்னன்சிய வெச்சு பண்ற டிஸ்கிரிமினேஷன்னு நினைக்கிறேன்"ன்னு அந்த வார்த்தையே வரணும். அப்படி எழுதின நிமிஷத்துலேர்ந்து உங்களுக்கு இன்னொரு பாதுகாப்பு சேருது, அதுக்கப்புறம் அதுக்காக பழி வாங்கினா அது ரிடாலியேஷன், தனி குற்றச்சாட்டு. மொதல்ல சொன்ன டிஸ்கிரிமினேஷன் நிரூபணம் ஆகலைன்னாலும் ரிடாலியேஷன்ல ஜெயிச்சவங்க உண்டு. படிக்கறது ஃபவுண்டர் தம்பியா இருந்தாலும் பரவால்ல, அவர் மனசு மாறணும்னு எழுதல, பதிவுக்காக எழுதறோம். சொந்த மெயிலுக்கு ஒரு பிசிசி போடுங்க. ஆனா கம்பெனி கோட், கிளையன்ட் ஃபைல் எதையும் எடுத்துக்காதீங்க, அத வெச்சு உங்க மேலயே திருப்பி கேஸ் போடுவாங்க. உங்க ரிவ்யூ, போனஸ் லெட்டர், பிஐபி, இவ்வளவு போதும். மீதிய பர்சனல் ஃபைல் வேணும்னு எழுதிக் கேளுங்க, லேபர் கோட் 1198.5, முப்பது நாளைக்குள்ள அவங்க குடுக்கணும்.

செவரன்ஸ நாளைக்கே கையெழுத்து போடாதீங்க. கலிஃபோர்னியால வேலைய விட்டுப் போறப்ப குடுக்கற அக்ரிமென்ட்ல, பாகுபாடு பத்தி வாய மூடிக்கோன்னு எல்லாம் எழுத முடியாது, 2022லேர்ந்து அதுக்கு சட்டம் இருக்கு. வக்கீல பாக்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு அதுலயே சொல்லணும், குறைஞ்சது அஞ்சு வேலை நாள் டைம் தரணும். நாளைக்கேன்னு அவசரப்படுத்தறதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கையெழுத்து போட்டா பணம் கேக்கற உரிமை பெரும்பாலும் அதோட போச்சு. ஃபெடரல் சட்டத்துல நஷ்டஈட்டுக்கு கம்பெனி சைஸ பொறுத்து 50,000லேர்ந்து 3,00,000 டாலர் வரைக்கும்னு உச்சவரம்பு இருக்கு, கலிஃபோர்னியா சட்டத்துல அந்த வரம்பு இல்ல, ஜெயிச்சா வக்கீல் ஃபீஸையும் கம்பெனிதான் கட்ட வேண்டி வரும். அதனாலதான் இங்க வக்கீலுங்க முன்பணம் இல்லாம கேஸ் எடுக்கறாங்க, அதனாலதான் ஃபவுண்டர் சாந்தமா பேசறார்.

விசா. பொய் ஆறுதல் சொல்ல மாட்டேன். சிஆர்டி உங்க ஸ்டேட்டஸ கேட்டு முடிவு பண்றதில்ல, வேலை சட்டத்துல குற்றம் யார் மேலன்னு பாக்க இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் தேவையில்லன்னு கலிஃபோர்னியா சட்டமே சொல்லுது. உரிமைய கேட்டதுக்காக இமிக்ரேஷன்ல சொல்லிடுவேன்னு மிரட்டறதும் இங்க தப்பு, லேபர் கோட் 1019. ஃபவுண்டர் சொன்ன அந்த ஒரு வரிய தேதியோட எழுதி வைங்க, வக்கீல் அதத்தான் மொதல்ல கேப்பாங்க. ஆனா வேலை போச்சுன்னா எச்1பிக்கு அதிகபட்சம் 60 நாள்தான், ஐ94 (இங்க தங்க குடுத்திருக்கற தேதி) முன்னாடியே முடிஞ்சா அதோட சரி, கம்ப்ளெயின்ட் போட்டிருக்கறதால அது நீளாது. அதனால கம்ப்ளெயின்ட் ஒரு பக்கம், டிரான்ஸ்ஃபருக்கு இன்டர்வியூ ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்தே ஓடட்டும். புது கம்பெனி பெட்டிஷன் ஃபைல் பண்ணிட்டா அப்ரூவலுக்கு காத்திருக்காம சேரலாம். வேற வேலைக்குப் போயிட்டாலும் பழைய கம்பெனி மேல போட்ட கம்ப்ளெயின்ட் செத்துடாது.

இன்னொண்ணு, யாரும் கேக்கல ஆனா சொல்லிடறேன். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனில, சேர்ந்து எத்தன நாள் ஆச்சுன்னு பாக்காம, டாக்டர் முடியாதுன்னு சொன்னா நாலு மாசம் வரைக்கும் பிரெக்னன்சி டிசபிலிட்டி லீவ் உண்டு, திரும்ப வந்தா அதே வேலை. மசக்கை ஜாஸ்தியா இருந்தா கூட அதுல வரும். சம்பளம் கம்பெனி தரணும்னு இல்ல, ஆனா உங்க பே ஸ்டப்ல எஸ்டிஐன்னு (ஸ்டேட் டிசபிலிட்டி இன்சூரன்ஸ்) பிடிக்கறாங்க பாருங்க, அந்தப் பணத்துலேர்ந்து ஈடிடிங்கற ஸ்டேட் டிபார்ட்மென்ட்ல கிளெய்ம் பண்ணலாம். பிடிச்சிருக்காங்களான்னு இன்னைக்கே பாருங்க, டெக்சாஸ் கம்பெனிங்க சிலது கலிஃபோர்னியா பிடித்தத்தையே விட்டுடும்.

சும்மா_இரு:

சரி தேர் சார், ஒத்துக்கறேன் ஒரு பக்கம், ஆனா வக்கீலுக்கு கூப்பிடக் கூட காசு இல்லாதவங்க என்ன பண்றது? எல்லாருக்கும் கன்டின்ஜென்சில (ஜெயிச்சா மட்டும் ஃபீஸ்) எடுப்பாங்களா என்ன?

திருவாரூர்_தேர்:

எல்லாருக்கும் எடுக்க மாட்டாங்க, சம்பள இழப்பு கம்மியா இருந்தா தட்டிக் கழிப்பாங்க, நிஜம்தான். சான் ஃபிரான்சிஸ்கோல லீகல் எய்ட் அட் வொர்க்னு ஒரு இலவச சட்ட உதவி அமைப்பு இருக்கு, கர்ப்பம், குடும்ப லீவ் விஷயத்துக்கெல்லாம் ஹெல்ப்லைன் வெச்சிருக்காங்க. வக்கீல் இல்லாமலும் சிஆர்டில போடலாம், அது அதுக்காகத்தான் இருக்கு. இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு ஃபார்ம்லயே கேக்கலாம். அப்புறம், கேஸ் போட்டா எல்லாரும் கூகிள்ல பாத்துடுவாங்கன்னு சொன்னீங்க, ஏஜென்சில குடுக்கற கம்ப்ளெயின்ட் கோர்ட் கேஸ் மாதிரி தேடினா வந்து நிக்கற விஷயம் இல்ல. கோர்ட்டுக்குப் போனாத்தான் பொது ரெக்கார்ட், நிறைய அதுக்கு முன்னாடியே பேசி முடியும்.

கொங்குப்பொண்ணு:

பே ஸ்டப் பாத்தேனுங்க, எஸ்டிஐ பிடிச்சிருக்காங்க. மெயில நீங்க சொன்ன மாதிரி மாத்தி எழுதி அனுப்பிட்டேன், கை நடுங்குச்சு. இன்டேக் ஃபார்மும் பாதி முடிச்சுட்டேன். அதுல "எம்ப்ளாயர் அட்ரஸ்"ங்கற எடத்துல ஆஸ்டின் அட்ரஸா, எங்க வீட்டு அட்ரஸா?

திருவாரூர்_தேர்:

எம்ப்ளாயருக்கு ஆஸ்டின் அட்ரஸ், அந்த கம்ப்ளெயின்ட் போய் சேர வேண்டிய இடம் அது. ஆனா வேலை பாத்த இடம்னு கேக்கற எடத்துல ஃப்ரீமான்ட்னு கண்டிப்பா போடுங்க, நடந்ததச் சொல்ற பகுதியிலயும் மொத வரிலயே "கலிஃபோர்னியால என் வீட்லேர்ந்து வேலை பார்க்கிறேன், கம்பெனில மொத்தம் பதினோரு பேர்"னு எழுதிடுங்க, இல்லன்னா டெக்சாஸ் அட்ரஸ பாத்துட்டு எங்க எல்லை இல்லன்னு சொல்லிடப் போறாங்க. பே ஸ்டப்ல இருக்கற பேர் என்னவோ அதே பேர்ல கம்பெனிய போடுங்க, பிராண்ட் பேர் வேண்டாம். ஃபார்ம் போட்டதுக்கப்புறம் தெரியாத நம்பர்லேர்ந்து கால் வந்தா ஸ்பாம்னு கட் பண்ணிடாதீங்க.